9 வயதிலும் நனையும் படுக்கை: ஒரு அம்மாவின் கடிதத்துக்குக் குழந்தை மருத்துவரின் பதில்

கடிதம் நான்கு பக்கம். பெயரையோ ஊரையோ வெளியிட வேண்டாம் என்று எழுதியவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சுருக்கமாக விஷயம் இதுதான்.

மூத்தவனுக்கு 9 வயது. வாரத்தில் ஐந்தாறு இரவு படுக்கையில் சிறுநீர் போய்விடுகிறான். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு மாதம் சேர்ந்தாற்போல விரிப்பு காய்ந்திருந்ததில்லை. பகலில் தொந்தரவு எதுவும் இல்லை. அவனுடைய 5 வயதுத் தங்கை எப்போதோ இதைத் தாண்டிவிட்டாள், வீட்டில் அந்த ஒப்பீடு தினமும் நடக்கிறது. அம்மா மாலை 4 மணிக்கு மேல் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. இரவு 12 மணிக்கும் 3 மணிக்கும் கைப்பேசியில் அலாரம் வைத்து எழுந்து, அவனைக் கழிவறைக்குக் கூட்டிப்போகிறார். அப்படியும் நனைகிறது. அப்பாவோ, "இது சோம்பேறித்தனம், வேண்டுமென்றே செய்கிறான்" என்கிறார். ஒரு மாதமாக, நனைந்த விரிப்பைப் பையனே துவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார். போன வாரம் மாமியார் பேச்சுவாக்கில், "இவன் அப்பனும் பதினோரு வயசு வரைக்கும் இப்படித்தான் இருந்தான்" என்று சொல்லிவிட, கணவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோய்விட்டாராம். பத்து வாரத்தில் பள்ளியில் மூன்று இரவுச் சுற்றுலா. பையன் போக ஆசைப்படுகிறான், பயப்படவும் செய்கிறான்.

கேள்விகள் நான்கு. சிறுநீரகக் கோளாறா, ஸ்கேன் எடுக்க வேண்டுமா? மனதில் ஏதாவது பிரச்சினையா? மாத்திரை இருக்கிறதாமே, அது பழக்கமாகிவிடுமா? சுற்றுலாவுக்கு அனுப்பலாமா?

அம்மா, இந்த நான்குக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் விட்ட இரண்டு வரிகளைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டாம் பக்கத்தில் வேறு எதையோ சொல்லும்போது, "பள்ளிக்குக் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டில் நிரம்பினபடியே திரும்பி வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில், "மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போவான், போனால் கழிவறையே அடைத்துக்கொள்ளும்" என்று வேடிக்கைபோல ஒரு வரி. நான் பேனாவை எடுத்து இந்த இரண்டுக்கும் அடியில்தான் கோடு போட்டேன். நீங்கள் இரவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் நாம் சரிசெய்யக்கூடிய முதல் இரண்டு விஷயங்களும் அவனுடைய பகலில் இருக்கின்றன.

தூக்கத்தில் நடப்பது என்ன?

இரவில் படுக்கை காய்ந்திருக்க மூன்று விஷயங்கள் சரியாக நடக்க வேண்டும். ஒன்று, தூங்கும்போது மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, சிறுநீர் உற்பத்தியைக் குறைக்க வேண்டும். இரண்டு, உற்பத்தியாகிற அளவை விடியும்வரை தாங்கிப் பிடிக்கிற அளவுக்குச் சிறுநீர்ப்பை அமைதியாக இருக்க வேண்டும். மூன்று, அது நிரம்பிவிட்டால் அந்தச் செய்தி தூக்கத்தைக் கலைக்க வேண்டும். உங்கள் பையனுக்கு முதல் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ இன்னும் முதிரவில்லை. மூன்றாவதும் இல்லை. மற்ற குழந்தைக்கும் சில இரவுகளில் சிறுநீர்ப்பை நிரம்பும், ஆனால் அந்தக் குழந்தை எழுந்து கழிவறைக்குப் போய்விடும். இவனுக்கு அந்த மணி அடிப்பதே கேட்பதில்லை. "கும்பகர்ணன்" என்று வீட்டில் கூப்பிடுகிறீர்கள் அல்லவா, அந்தப் பெயரைக் கொஞ்ச காலத்துக்கு ஒதுக்கிவைத்துவிடுங்கள்.

இதில் சோம்பேறித்தனத்துக்கு எங்கே இடம்? தூங்குகிறவன் சோம்பலாக இருக்க முடியாது. தங்கையோடு ஒப்பிடுவதிலும் அர்த்தமில்லை. பெண் குழந்தைகளைவிடப் பையன்களிடம் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம்.

5 வயதில் நூற்றுக்குச் சுமார் 15 குழந்தைகள் படுக்கையை நனைக்கிறார்கள். 10 வயதில் அது சுமார் 5. அவன் வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால், கணக்குப்படி இவனைச் சேர்த்து இரண்டு பேர். இன்னொருவன் யார் என்று இவனுக்குத் தெரியாது, அவனுக்கும் இவனைத் தெரியாது. இந்தக் கணக்கை அவனிடம் சொல்லுங்கள். என் அறையில் இதைக் கேட்டதும், "எங்க கிளாஸ்லயா?" என்று கண்ணை அகல விரித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உலகத்தில் தான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருப்பார்கள்.

வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வது பாதி உண்மை. ஒவ்வொரு ஆண்டும் இப்படிப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு எந்த வைத்தியமும் இல்லாமலே நின்றுவிடுகிறது. ஆனால் வாரத்தில் ஐந்தாறு நாள் நனைகிறவர்களுக்கு அவ்வளவு சுலபமாக நிற்பதில்லை. அதனால் காத்திருக்கலாம் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மனதில் பிரச்சினையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறந்ததிலிருந்தே இரவு காய்ந்ததில்லை என்கிற குழந்தைக்கு மனக்கவலை காரணமாக இருப்பது அரிது. ஆனால் தினமும் ஈரத்தில் கண்விழித்து, திட்டு வாங்கி, விரிப்பைத் துவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிற குழந்தைக்கு மனக்கவலை வந்து சேரும். அதைத்தான் நாம் தடுக்க வேண்டும்.

மலச்சிக்கலை முதலில் கவனியுங்கள்

மலக்குடலும் சிறுநீர்ப்பையும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொள்ளும் அண்டை வீடுகள் மாதிரி. முன்னால் சிறுநீர்ப்பை, அதை ஒட்டிப் பின்னால் மலக்குடல். மூன்று நாள் மலம் தேங்கி மலக்குடல் வீங்கினால், சிறுநீர்ப்பைக்கு விரிய இடம் குறையும். அந்த அழுத்தமே அதைச் சீண்டி, நேரங்கெட்ட நேரத்தில் சுருங்கவும் வைக்கும். கழிவறையை அடைக்கிற அளவுக்குப் பெரிய மலம் என்றால், உள்ளே குடல் ரொம்ப நாளாக விரிந்து கிடக்கிறது என்று அர்த்தம். உள்ளாடையில் லேசாகக் கறை படிகிறதா என்றும் பாருங்கள். சரியாகக் கழுவவில்லை என்று பிள்ளைகள் அதற்கும் திட்டு வாங்குவார்கள். தேங்கிய மலத்தைச் சுற்றிக் கசிகிறதாக இருக்கலாம்.

காலை உணவுக்குப் பிறகும் இரவு உணவுக்குப் பிறகும் ஐந்திலிருந்து பத்து நிமிடம் கழிவறையில் உட்காரட்டும். சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மேற்கத்திய கழிவறை என்றால் கால் தொங்கக் கூடாது. முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி பாதத்துக்கு அடியில் ஒரு முக்காலி வையுங்கள். பழமும் காய்கறியும் கூடட்டும், ஆனால் இந்த அளவுக்குத் தேங்கிய பிறகு உணவு மட்டும் போதாது. மலத்தை இளக்குகிற மருந்தை, பாலிஎத்திலீன் கிளைக்கால் அல்லது லாக்டுலோஸ் போன்றதை, உங்கள் மருத்துவர் அளவு பார்த்து எழுதித் தருவார். இங்கே பெற்றோர் செய்கிற தவறு ஒன்றுதான்: பத்து நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்கில் ஆகும். தினமும் சிரமமில்லாமல், மெத்தென்று போகும் நிலை வந்த பிறகும் மருத்துவர் சொல்லும்வரை தொடருங்கள். சில குழந்தைகளுக்கு இது ஒன்றிலேயே படுக்கை காய்ந்துவிடும். எல்லோருக்கும் அல்ல. ஆனால் இதை விட்டுவிட்டு மற்ற வைத்தியங்களைத் தொடங்கினால் அவை பாதிதான் பிடிக்கும்.

தண்ணீரை நிறுத்த வேண்டாம்

மாலை 4 மணிக்குத் தண்ணீரை நிறுத்துகிறீர்கள். அவனோ பள்ளியில் குடிக்கவே இல்லை. அப்படியென்றால் அந்தப் பிள்ளை எப்போதுதான் தண்ணீர் குடிக்கிறான்? தாகத்தோடு வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் குடித்துத் தீர்ப்பான், இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாமல் குளியலறைக் குழாயில் குடிப்பான். என்னிடம் ஒத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். குறைவாகக் குடித்தால் மலமும் இறுகும், சிறுநீர்ப்பையும் நிரம்பிப் பழகாது.

அவன் வயதுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் உள்ளே போக வேண்டும், வெயிலிலும் விளையாட்டிலும் இன்னும் கூடுதலாக. அதில் பெரும்பகுதியை மாலைக்குள் முடித்துவிட வேண்டும்: ஐந்தில் இரண்டு பங்கு காலையில், இரண்டு பங்கு மதியத்துக்கும் பள்ளி விடுகிற நேரத்துக்கும் நடுவில், மிச்சம் ஒரு பங்கு மாலைக்குப் பிறகு. மாலையில் டீ, காபி, கோலா வேண்டாம். பள்ளியில் ஏன் குடிப்பதில்லை என்று கேளுங்கள். கழிவறை அசுத்தமாக இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை, ஆசிரியர் விடமாட்டார் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். குடித்தால் போக வேண்டிவரும் என்று குடிக்காமலே இருக்கிற பிள்ளைகள் ஏராளம். அப்படி இருந்தால் ஆசிரியரிடம் நீங்களே பேசி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை போய்வர வழி செய்யுங்கள்.

அப்புறம், 12 மணிக்கும் 3 மணிக்கும் எழுப்புவது. அந்த நேரத்தில் அவன் கண் திறந்திருக்கலாம், நடக்கவும் செய்யலாம். ஆனால் விழித்திருப்பது நீங்கள் மட்டும்தான். காலையில் கேட்டுப் பாருங்கள், எழுந்ததே அவனுக்கு நினைவிருக்காது. ஒரு விரிப்பு மிச்சமாகலாம், மற்றபடி அவன் உடம்பு இதிலிருந்து எதையும் கற்றுக்கொள்வதில்லை. இன்றிரவே நிறுத்திவிட்டு நீங்கள் தூங்குங்கள். மெத்தைமேல் நீர் புகாத விரிப்பு ஒன்றைப் போட்டால் போதும். டயப்பர் போட்டால் பழக்கம் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அவனுக்குச் சம்மதம் என்றால் போடலாம்.

ஸ்கேன் பற்றி

பகலில் தொந்தரவில்லாத, மற்றபடி நலமாக இருக்கிற குழந்தைக்கு ஸ்கேன் தேவையில்லை. ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையும் மருத்துவர் வயிறு, முதுகு, கால்களைப் பார்ப்பதும் போதும். ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கக் கூடாது. அடங்காத தாகமும் எடை குறைவதும் இருந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். சிறுநீர் போகும்போது எரிச்சல், ரத்தம், காய்ச்சல், முக்கி முக்கிப் போவது, பகலிலும் நனைவது, நடையில் தடுமாற்றம் அல்லது முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருப்பது: இவற்றில் எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். தினமும் குறட்டை விடுகிறான் என்றால் அதையும் சொல்லுங்கள். மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதை வீங்கித் தூக்கத்தைக் கெடுப்பதும் படுக்கை நனைவதும் சில பிள்ளைகளிடம் சேர்ந்தே வரும்.

இதைப் படிக்கிற மற்ற பெற்றோருக்கும் ஒன்று: ஆறு மாதமோ அதற்கு மேலோ காய்ந்திருந்த படுக்கை திடீரென்று மறுபடி நனையத் தொடங்கினால் அது வேறு கதை. உடம்பில் புது நோய் ஏதாவது வந்திருக்கிறதா, வீட்டிலோ வெளியிலோ யாராவது அந்தக் குழந்தையைப் பயமுறுத்துகிறார்களா, தொந்தரவு செய்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

அடுத்த பத்தியை உங்கள் கணவரிடம் கொடுங்கள்.

ஐயா, இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு பாதிக்குச் சற்றே குறைவு. இருவருக்கும் இருந்திருந்தால் நான்கில் மூன்று. உங்கள் அம்மா அன்றைக்குச் சொன்னது உங்களைக் குத்தியிருக்கும், புரிகிறது. ஆனால் அந்த வீட்டில் உங்கள் பையனுக்கு நடப்பது என்னவென்று உள்ளிருந்து தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். காலையில் கண் விழிப்பதற்கு முன்பே கை விரிப்பைத் தடவிப் பார்க்குமே, அது உங்களுக்கு மறந்திருக்காது. துவைக்கிற சட்டத்தை எடுத்துவிடுங்கள், அதனால் ஒரு இரவுகூடக் காயப்போவதில்லை. விரிப்பை எடுத்துக் கூடையில் போட்டு உதவட்டும், அது வேலை. தங்கை பார்க்க முற்றத்தில் நின்று துவைப்பது தண்டனை. முடிந்தால், வேறு யாரும் இல்லாத நேரத்தில், "எனக்கும் 11 வயசு வரைக்கும் இருந்துச்சுடா" என்று ஒரே ஒருமுறை சொல்லுங்கள்.

பரிசு கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "நனைக்காமல் இருந்தால் சைக்கிள்" என்று சொல்லாதீர்கள், அது அவன் கையில் இல்லாத விஷயம். தண்ணீரைப் பகலில் குடித்ததற்கும், படுக்கும் முன் ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததற்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

அலாரமா, மாத்திரையா?

எது பொருந்தும் என்று தெரிய ஒரு சின்ன வீட்டு வேலை இருக்கிறது. விடுமுறை நாள் இரண்டில், அவன் ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் அளவு போட்ட ஒரு கோப்பையில் பிடித்து மில்லியைக் குறித்துவையுங்கள், காலையில் எழுந்ததும் போவதை மட்டும் விட்டுவிட்டு. வயதோடு ஒன்றைக் கூட்டி 30 ஆல் பெருக்கினால் எதிர்பார்க்கிற கொள்ளளவு: 9 வயதுக்கு 300 மில்லி. அவனுடைய அதிகபட்ச அளவே 200-க்குக் கீழ்தான் என்றால் சிறுநீர்ப்பை சிறிது. அடுத்து, ஒரு வாரம் இரவில் டயப்பர் போட்டு, காலையில் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் வருகிற ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி. அதோடு காலையில் முதலில் போகிற அளவையும் கூட்டுங்கள். மொத்தம் 390 மில்லியைத் தாண்டினால், இரவில் உற்பத்தி அதிகம். இந்தத் தாளோடு போனால் உங்கள் மருத்துவருக்கு வேலை சுலபம்.

சிறுநீர்ப்பை சிறிதாக இருக்கிறவர்களுக்கு அலாரம் நல்லது. உள்ளாடையில் பொருத்துகிற சின்னக் கருவி; முதல் ஈரம் பட்டதும் சத்தம் போடும் அல்லது அதிரும். 1904-இல் ஃபௌண்ட்லர் என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர், படுக்கை நனைந்தால் செவிலியருக்குத் தெரியட்டும் என்று ஒரு மணியை அமைத்தார். கொஞ்ச நாளில் குழந்தைகள் நனைப்பதே குறைந்துவிட்டதைக் கவனித்தார். தற்செயலாகக் கிடைத்த அந்த வைத்தியத்துக்கு இன்றைக்கும் நல்ல மதிப்பு இருக்கிறது. விடாமல் பயன்படுத்தினால் மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் தருகிறது, நிறுத்திய பிறகும் பலருக்குப் பலன் நிலைக்கிறது. சங்கடம் என்னவென்றால் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். முதல் சில வாரங்களில் அலாரம் அடித்து வீடே எழும், அவன் மட்டும் எழ மாட்டான். நீங்கள் போய் அவனை முழுசாக விழிக்க வைக்க வேண்டும். தொடர்ந்து 14 இரவு காய்ந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். வீட்டில் பெரியவர்கள் களைத்துப்போய், பொறுமை அறுந்துபோகிற நிலையில் இருக்கும்போது இதைத் தொடங்கக் கூடாது. உங்கள் வீடு இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது.

இரவில் உற்பத்தி அதிகம் என்றால் டெஸ்மோபிரசின் மாத்திரை பொருந்தும். வாசோபிரசின் ஹார்மோனின் வேலையைச் செய்கிற மருந்து இது. பழக்கம் ஏற்படுத்தாது, ஆனால் நிறுத்தினால் பலருக்குப் படுக்கை பழையபடி நனையும். குணப்படுத்துகிறது என்பதைவிட, அன்றைய இரவைக் கடத்திவிடுகிறது என்று சொல்லலாம். இதில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து அடுத்த எட்டு மணி நேரத்துக்குத் தண்ணீர், பால் எதுவும் கூடாது, தவிர்க்கவே முடியாவிட்டால் ஒரு மிடறு. மீறினால் உடம்பில் நீர் தேங்கி ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு. காய்ச்சல், வாந்தி, பேதி இருக்கிற நாளில் மாத்திரை வேண்டவே வேண்டாம். இதே மருந்தின் மூக்கு ஸ்ப்ரேயைப் படுக்கை நனைவதற்குக் குழந்தைகளுக்குத் தருவதில்லை. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். யாராவது இமிப்ரமின் என்ற பழைய மாத்திரையைச் சொன்னாலும் தயங்குங்கள்; அளவு மிஞ்சினால் இதயத்தைத் தாக்கும், வீட்டில் 5 வயதுக் குழந்தை வேறு இருக்கிறாள்.

சுற்றுலாவுக்கு அனுப்புங்கள்

பத்து வாரம் போதும். முதல் நான்கு வாரம் மலச்சிக்கலும் தண்ணீரும் மட்டும். இடையில் அந்த அளவுக் கணக்கை எடுத்து மருத்துவரைப் பாருங்கள். அவர் ஒத்துக்கொண்டால், ஏழாவது வாரத்தில் மாத்திரையை வீட்டிலேயே போட்டுப் பார்க்க வேண்டும், எந்த அளவு பிடிக்கிறது, பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள. முதல் மாத்திரையைச் சுற்றுலாவின் முதல் இரவில் போடுகிற தவறைச் செய்யாதீர்கள். அலாரத்தை அவன் சுற்றுலாவிலிருந்து திரும்பி வந்த பிறகு, நீங்கள் இருவரும் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு மாதத்தில் தொடங்கலாம்.

அவன் சம்மதத்தோடு ஒரே ஒரு ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். மாத்திரை அவர் கையில் இருக்கட்டும், தண்ணீர் விதி அவருக்குத் தெரிந்திருக்கட்டும். பைக்குள் அடர்ந்த நிறத்தில் இரண்டு கால்சட்டை கூடுதலாக வையுங்கள். போர்வைக்குள்ளேயே மாற்றிக்கொள்ள வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மூன்று தடவை பழகட்டும். ஈரத்துணியைப் போட, வெளியே தெரியாத, ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் பையும் மறக்காமல் இருக்கட்டும்.